பிரேக் கட்டை வாங்கும் முன் ரிம்மைப் பாருங்கள்: முழுமையான வழிகாட்டி

கொழும்பு டாம் வீதிச் சைக்கிள் கடைகளுக்குப் பிரேக் கட்டை வாங்க வருகிறவர்கள் அநேகமாகத் தேய்ந்த கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். "அண்ணே, இதே மாதிரி ஒரு சோடி தாங்க." கடைக்காரரும் அதே நீளம், அதே ஆணி உள்ள ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார். வடிவம் பொருந்திவிட்டது, சரி. ஆனால் அந்தக் கட்டை எதன்மேல் உரசப்போகிறது என்று இரண்டு பேருமே பேசியிருக்க மாட்டார்கள். மழையில் நனைந்த கொழும்பு–காலி வீதியில் பிரேக் பிடியை முழுக்க இழுத்தும் வண்டி நிற்காமல் ஓடும்போதுதான் அந்தக் கேள்வி எழும்.

பிரேக் பிடிப்பது கட்டை மட்டுமல்ல, கட்டையும் ரிம்மும் சேர்ந்துதான். எஃகு ரிம்மில் உயிரைக் காப்பாற்றும் கட்டை அலுமினிய ரிம்மை அரித்துவிடலாம். அலுமினியத்தில் அருமையாகப் பிடிக்கும் கட்டை கார்பன் ரிம்மைக் கெடுத்துவிடலாம். அதனால் வேலையை ரிம்மில் தொடங்கிக் கட்டையில் முடிக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குவதால்தான்.

இது ரிம்மில் பிடிக்கும் பிரேக்குகளுக்கான வழிகாட்டி. டிஸ்க் பிரேக் வேறு கதை.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

4, 5 மில்லிமீட்டர் அலன் கீகள், 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், ரோட் சைக்கிள் (ஒடுங்கிய டயர் உள்ள பந்தய வகை) என்றால் கூடவே ஒரு 2 மில்லிமீட்டர் அலன் கீ. குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் சின்னக் காந்தம் ஒன்று. சுத்தமான பழைய பருத்தித் துணி இரண்டு, ஒன்று கழுவ, ஒன்று கடைசியாகத் துடைக்க. பாத்திரம் கழுவும் திரவம், மருந்துக்கடையில் விற்கும் ஐசோப்ரோபைல் அல்கஹால் (இனி ஸ்பிரிட்), நடுத்தரச் சொரசொரப்புள்ள சாண்ட்பேப்பர், ஒரு குண்டூசி, ஒரு விசிட்டிங் கார்ட். அவ்வளவுதான்.

மண்ணெண்ணெயை இந்தப் பட்டியலில் தேடாதீர்கள். செயின் கழுவ அது நல்லது. ரிம்மில் பட்டால் காய்ந்த பிறகும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றை விட்டுப் போகும், புதுக் கட்டை அதைக் குடித்துவிடும். பல வேலைத்தளங்களில் மண்ணெண்ணெய் நனைத்த ஒரே துணியால் செயினையும் துடைத்து ரிம்மையும் பளபளப்பாக்கிக் கொடுப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

2. ரிம் எந்த உலோகம் என்று கண்டுபிடியுங்கள்

இரண்டு சில்லுகளையும் தனித்தனியாகப் பாருங்கள். கொழும்பில் ஓடுகிற பழைய சைக்கிள்களில் பின் சில்லு ஒருமுறையாவது மாற்றப்பட்டிருக்கும், அதனால் முன்னால் குரோம் பூசிய எஃகு, பின்னால் அலுமினியம் என்று கலந்திருப்பது சாதாரணம். அப்படி இருந்தால் முன்னுக்கு ஒரு வகைக் கட்டை, பின்னுக்கு வேறு வகை. நாலு கட்டையும் ஒரே பெட்டியிலிருந்து வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

காந்தத்தை ரிம்மின் பக்கச் சுவரில் வையுங்கள். டக்கென்று ஒட்டினால் எஃகு. ஒட்டவே இல்லை என்றால் அலுமினியமாகவோ கார்பனாகவோ இருக்கலாம், துருப்பிடிக்காத எஃகாகவும் இருக்கலாம், ஏனென்றால் அந்த எஃகில் சில வகைகள் காந்தத்தை இழுக்கும், சில இழுக்காது. அதனால் காந்தத்தோடு நிறுத்தாமல் துணியையும் பயன்படுத்துங்கள்: கொஞ்ச நாள் ஓடிய ரிம்மின் பிரேக் படும் இடத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால், அலுமினியம் கருஞ்சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒன்றை விட்டுத் தரும். கண்ணாடிபோல் பளபளத்துக்கொண்டு, தூக்கினால் பாரமாகவும் இருந்தால் அது குரோமோ துருப்பிடிக்காத எஃகோதான். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வரும் கூடை வைத்த சைக்கிள்களில் துருப்பிடிக்காத எஃகு ரிம் நிறைய உண்டு. அவற்றின் பின் பிரேக் பெரும்பாலும் அச்சோடு சேர்ந்த பட்டி வகை, அதற்கு இந்தக் கட்டைகள் தேவையே இல்லை. முன் சில்லை மட்டும் கவனித்தால் போதும்.

அலுமினியம் என்று தெரிந்த பிறகு அதன் மேற்பரப்பையும் பாருங்கள். நல்ல ரிம்களில் பிரேக் படும் பட்டை கடைசலில் சீவப்பட்டு நுண்ணிய வரிகளோடு வெள்ளியாக இருக்கும், நகத்தை ஓட்டினால் மெல்லிய கீச்சொலி வரும். சிலவற்றில் கறுப்பாக அனோடைஸ் (மின்சாரம் பாய்ச்சி உண்டாக்கும் கெட்டியான ஆக்சைடுப் படலம்) செய்திருப்பார்கள். சிலவற்றில் வெறும் பெயிண்ட். அபூர்வமாக செராமிக் பூச்சு. இவை ஒவ்வொன்றும் கட்டையோடு வேறு மாதிரிப் பழகும்.

கார்பனைக் கண்டுபிடிக்க யாருக்கும் சிரமம் இருக்காது, ஏனென்றால் அதற்குக் கொடுத்த காசு நினைவிருக்கும். செகண்ட் ஹேண்டாக வாங்கியவர்கள் மட்டும் கவனியுங்கள்: உடல் கார்பனாகவும் பிரேக் படும் பட்டை மட்டும் அலுமினியமாகவும் உள்ள சில்லுகளும் உண்டு. கட்டை எங்கே படுகிறதோ அந்த இடத்தின் பொருள்தான் கணக்கு.

3. அந்த ரிம் இன்னும் பிரேக் பிடிக்கத் தகுந்ததா?

புதுக் கட்டைக்குக் காசு கொடுக்கும் முன் இதை முடித்துவிடுங்கள். ரிம் முடிந்துபோயிருந்தால் எந்தக் கட்டையும் அதைக் காப்பாற்றாது.

அலுமினிய ரிம்கள் பலவற்றில் பிரேக் பட்டையில் ஒரு மெல்லிய கோடோ சின்னக் குழியோ இருக்கும். அது தேய்மான அடையாளம். கோடு மறைந்துவிட்டால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. அடையாளம் இல்லாத ரிம்மில் ஒரு இரும்பு அடிமட்டத்தின் விளிம்பைப் பக்கச் சுவரில் குறுக்காக வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் சுவர் குழிந்திருக்கிறது என்று அர்த்தம். சுவர் ஏறத்தாழ 1 மில்லிமீட்டருக்கும் மெலிந்துவிட்டால் டயரின் காற்றழுத்தமே அதை வெளியே பிளந்துவிடும், அதுவும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது. பயமுறுத்த எழுதவில்லை, மெலிந்த ரிம் வெடிப்பது உண்மையாகவே நடக்கிற ஒன்று.

எஃகு ரிம் தேய்ந்து வெடிப்பது அபூர்வம். அதன் எதிரி துரு. மரைன் டிரைவ் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்று குரோமில் விழுந்த சின்னக் கீறல் வழியாக உள்ளே போய், கொஞ்ச நாளில் குரோம் செதில் செதிலாக உரியத் தொடங்கிவிடும். உரிந்த விளிம்பு கட்டையை அரம் மாதிரி ராவும், ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது பிரேக் தட்டும். லேசான துருப் புள்ளிகளைத் துணியும் சோப்பும் போட்டுத் தேய்த்து எடுக்கலாம். நல்ல குரோமில் சாண்ட்பேப்பர் போடாதீர்கள், பூச்சு போனால் திரும்ப வராது.

உரிந்த எஃகு ரிம்முக்கு மாற்று, அதே அளவில் ஒரு அலுமினிய ரிம். மழைக்காலப் பிரேக்குக்கு இதைவிடப் பெரிய முன்னேற்றம் வேறெதிலும் கிடைக்காது, எந்தக் கட்டையும் இவ்வளவு வித்தியாசம் தராது. வாங்கும் முன் டயரில் எழுதியிருக்கும் அளவையும் ஸ்போக் கம்பித் துளைகளையும் எண்ணிக்கொண்டு போங்கள். பழைய பிரிட்டிஷ் பாணிச் சைக்கிள்களில் முன்னுக்கு 32, பின்னுக்கு 40 துளை இருக்கும், கடையில் பொதுவாக இருப்பதோ 36.

பெயிண்ட் அடித்த ரிம்மில் ஒரு எச்சரிக்கை: அது டிஸ்க் பிரேக்குக்கான ரிம்மா என்று பாருங்கள். டிஸ்க் பிரேக்குக்கென்றே செய்த ரிம்களின் பக்கச் சுவர் பிரேக் பிடிப்பதற்காக உருவாக்கப்பட்டதல்ல. ரிம்மில் பிடிக்கும் பழைய சைக்கிளுக்கு அந்தச் சில்லைப் பூட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அதற்குப் பொருத்தமான கட்டை என்று ஒன்று கிடையாது.

கடைசியாகச் சில்லைச் சுற்றிவிட்டுக் கோட்டம் பாருங்கள். இடமும் வலமும் ஆடுகிற ரிம்முக்குக் கட்டையை நெருக்கமாக வைக்க முடியாது. கோட்டம் எடுத்துவிட்டு வாருங்கள்.

4. பிரேக்கின் வகை

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம், ஏனென்றால் கடைக்காரர் இதில் தவறுவது குறைவு. ஒரே ஆணியில் ரிம்முக்கு மேலே தொங்குவது கேலிப்பர். இரண்டு பக்கமும் கை நீட்டி நிற்பது வி-பிரேக். வி-பிரேக் கட்டை நீளமானது, சுமார் 70 மில்லிமீட்டர், ஆணியோடு குழிந்ததும் குவிந்ததுமான வாஷர்கள் வரும். ரோட் கேலிப்பர் கட்டை 50 முதல் 55 வரை. உலோகக் கூட்டுக்குள் ரப்பரை மட்டும் மாற்றக்கூடிய வகை கிடைத்தால் அதையே எடுங்கள், பிறகு ரப்பரை மட்டும் வாங்கிச் செருகலாம், ரிம்முக்கு ஏற்ற ரப்பர்களும் அந்த வகையில்தான் அதிகம் கிடைக்கும்.

கேபிளுக்குப் பதிலாக இரும்புத் தண்டால் இழுக்கும் பழைய ரொட் பிரேக் மட்டும் தனி. அது ரிம்மின் பக்கத்தில் பிடிக்காது, ரிம்மின் உட்புறத்தில், அதாவது அச்சைப் பார்த்திருக்கும் முகத்தில், ஸ்போக் கம்பி வரிசைக்கு இருபுறமும் பிடிக்கும். அந்த உருண்டை ரிம்முக்குத் தட்டையான பக்கச் சுவரே கிடையாது. "ரொட் பிரேக்கைக் கழற்றிவிட்டுக் கேலிப்பர் போடப் போகிறேன்" என்று யாராவது சொன்னால், முதலில் ரிம்மை மாற்றச் சொல்லுங்கள்.

5. எந்த ரிம்முக்கு எந்தக் கட்டை

*குரோம் எஃகு.* காய்ந்திருக்கும்போது ஏறக்குறைய எந்தக் கட்டையும் பிடிக்கும். நனைந்தால் நிலைமை மோசம்: குரோம் வழவழப்பானது, தண்ணீர் அதன்மேல் படலமாக உட்கார்ந்துகொள்ளும், ரப்பர் அந்தப் படலத்தின்மேல் வழுக்கிக்கொண்டே போகும். கட்டை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு மோசம். அதனால் எஃகுக்கு மென்மையான கட்டை எடுங்கள். தோல் பதித்த கட்டைகள் குரோம் எஃகுக்கென்றே செய்யப்படுபவை, நனைந்த குரோமில் ரப்பரைவிட நன்றாகப் பிடிக்கும், கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அதை அலுமினிய ரிம்மில் போடாதீர்கள், தோலில் மணல் ஏறிக்கொண்டு மென்மையான அலுமினியத்தை அரித்துவிடும். பக்கச் சுவரில் புள்ளி புள்ளியாகவோ கோடு கோடாகவோ அச்சு குத்திய எஃகு ரிம்மிலும் தோல் நிலைக்காது, அங்கே ரப்பர்தான்.

கட்டையின் முதுகில் எந்த ரிம்முக்கு என்று ஆங்கிலத்தில் அச்சு வார்த்திருப்பார்கள், ஸ்டீல் என்றோ அலாய் என்றோ. எழுத்து சின்னது, போன் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

*துருப்பிடிக்காத எஃகு.* குரோமுக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பெரும்பாலும் பொருந்தும். ஜப்பானியக் கட்டைகளில் இந்த ரிம்முக்கென்று தனியாகவும், அலுமினியத்துக்கும் இதற்கும் பொதுவாகவும் என இரண்டு வகை வருகின்றன. இரண்டும் இருந்தால் தனி வகையை எடுங்கள்.

*சீவிய அலுமினியம்.* நம்மில் பெரும்பாலானோரிடம் இருப்பது இதுதான், தெரிவும் இங்கேதான் அதிகம். மலிவான கறுப்புக் கட்டைகளில் பிரச்சினை பிடிப்பைவிடத் தேய்மானம்: கெட்டியான ரப்பர் ரிம்மிலிருந்து உலோகத் துகளைப் பெயர்த்து எடுக்கும், அந்தத் துகள் கட்டையிலேயே பதிந்துகொள்ளும், பிறகு அலுமினியத்தை அலுமினியமே சுரண்டும். கூல்-ஸ்டாப் நிறுவனத்தின் சால்மன் (செம்மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பு) நிறக் கட்டை மழைக்குப் பெயர் பெற்றது, அந்த நிறம் அதில் கலக்கும் இரும்பு ஆக்சைடால் வருவது, துகள் பதிவதும் அதில் குறைவு. தென்மேற்குப் பருவமழையிலும் ஒக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல் மழைகளிலும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். எஃகு ரிம் வைத்திருப்பவர்களும் அதைப் போடலாம், தோல் கிடைக்காத இடத்தில் கறுப்பு ரப்பருக்கு அது எவ்வளவோ மேல். ஸ்விஸ்ஸ்டாப்பின் நீலக் கட்டையும் அலுமினியத்துக்கானது. ஷிமானோவின் ஆர்55சி4 ரோட் கேலிப்பர்களோடு வருவது, அதுவும் நல்ல கட்டை, கேலிப்பர் வைத்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் பச்சை செராமிக் ரிம்முக்கு, இன்னொரு நிறுவனத்தின் பச்சை சாதாரண அலுமினியத்துக்கு. யாரோ செய்த போலிச் சிவப்புக் கட்டையில் சிவப்புச் சாயம் மட்டும்தான் இருக்கும்.

*அனோடைஸ், பெயிண்ட்.* கறுப்பு அனோடைஸ் படலம் கெட்டியானது, ஆரம்பத்தில் பிடிப்பு குறைவாகவும் சத்தம் அதிகமாகவும் இருக்கும். ஓட ஓட அந்தப் படலம் தேய்ந்து வெள்ளி தெரியும். ரிம் கெட்டுப்போகவில்லை, அப்படித்தான் ஆக வேண்டும். கறுப்பு போகக்கூடாதென்று பிரேக்கை மெல்லப் பிடிக்கிறவர்கள் உண்டு. அழகுக்காகப் பிரேக்கை விட்டுக்கொடுக்காதீர்கள். பெயிண்ட் அடித்த ரிம்மில் முதல் கொஞ்ச நாளைக்கு உரிந்த பெயிண்ட் கட்டையில் பிசினாக ஒட்டும், அதை அடிக்கடி துடைக்க வேண்டும். இரண்டு மேற்பரப்புக்கும் அலுமினியக் கட்டையேதான்.

*செராமிக்கும் விசேட மேற்பரப்புகளும்.* செராமிக் பூச்சு மிகக் கடினம், சொரசொரப்பானது, சாதாரணக் கட்டையைச் சில வாரங்களில் தின்றுவிடும். அதற்கென்று உள்ள கெட்டியான கட்டை மட்டும். மாவிக் நிறுவனத்தின் எக்ஸலித் மாதிரி வரி வரியாக வெட்டிய கறுப்பு மேற்பரப்புகளுக்கும் அவரவர் கட்டைதான், அந்தச் சில்லை வாங்கும்போதே கட்டை கூட வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

*கார்பன்.* இங்கே பிரச்சினை சூடு. அலுமினியம் பிரேக்கின் சூட்டை வேகமாகக் கடத்தி ரிம் முழுவதும் பரப்பிவிடும். கார்பன் நார்களைப் பிணைத்திருக்கும் பிசின் அப்படிக் கடத்தாது, பிரேக் பட்ட இடத்திலேயே சூடு தேங்கும், எல்லை தாண்டினால் பிசின் இளகி ரிம்மின் சுவர் உப்பும். கார்பனுக்கான கட்டைகள், உதாரணமாக ஸ்விஸ்ஸ்டாப்பின் பிளாக் பிரின்ஸ், இதை மனதில் வைத்தே செய்யப்படுகின்றன. ரிம் செய்தவர் ஒரு கட்டையைக் குறிப்பிட்டிருந்தால் அதையே போடுங்கள், உத்தரவாதமும் பெரும்பாலும் அதில்தான் தொங்குகிறது.

அப்புறம் கார்பன்காரர்கள் எல்லோரும் சுவரில் எழுதி ஒட்ட வேண்டிய ஒன்று: அலுமினிய ரிம்மில் ஓடிய கட்டையைக் கார்பன் ரிம்முக்கு மாற்றாதீர்கள். வார நாளில் அலுமினியச் சில்லு, ஞாயிறு காலையில் தியவன்னாப் பக்கம் போகக் கார்பன் சில்லு என்று மாற்றிப் பூட்டுகிறவர்கள் கட்டையை மாற்றச் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள். பழைய கட்டையில் பதிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத அலுமினியத் துகள் கார்பனில் வட்டமாகக் கோடு போட்டுக்கொண்டே போகும். இரண்டு சில்லுக்கும் இரண்டு சோடி, தனித்தனி டப்பாவில், மேலே பெயர் எழுதி.

கொழும்பு தட்டையான ஊர், இங்கே கார்பன் சூடேறுவது அபூர்வம். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கப் போகிறீர்கள் என்றால் அலுமினியச் சில்லைப் பூட்டிக்கொண்டு போங்கள் என்பதுதான் என் கருத்து.

6. ரிம்மைக் கழுவுங்கள்

கட்டை கையில் வந்துவிட்டது, உடனே பூட்டக் கை பரபரக்கும். பொறுங்கள். பழைய கட்டை ரிம்மில் தன் ரப்பரைப் பூசிவிட்டுப் போயிருக்கிறது, புதுக் கட்டை அதன்மேல் உட்கார்ந்தால் தன் இயல்பான பிடிப்பை ஒருநாளும் காட்டாது.

பழைய கட்டையைக் கழற்றிய பிறகு முதலில் சோப்பும் தண்ணீரும். காய்ந்த பின் ஸ்பிரிட் தொட்ட துணியால் சுற்றி வாருங்கள், துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை. துணியின் பக்கத்தை மாற்றிக்கொண்டே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுவீர்கள். அலுமினியத்தில் கடற்காற்றால் வெள்ளைப் பொடியும் சின்னக் குழிகளும் வந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் சாண்ட்பேப்பரால் மெல்லத் தடவலாம். கார்பனிலும் குரோமிலும் இதைச் செய்ய வேண்டாம்.

இதற்குப் பிறகு ரிம்மை வெறும் விரலால் தொடாதீர்கள். செயினுக்கு எண்ணெய் போடுவதாக இருந்தால் இன்றைக்கு வேண்டாம், ஸ்பிரே என்றால் அறவே வேண்டாம்.

7. பூட்டுதல்

பெரும்பாலான தவறுகள் நடக்கும் இடம் இது, அதனால் மெதுவாகப் போவோம்.

திசை முதலில். ரப்பரைச் செருகும் கூட்டுக்கு ஒரு பக்கம் மூடியிருக்கும், ஒரு பக்கம் திறந்திருக்கும். திறந்த பக்கம் சைக்கிளின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். கட்டை படும் இடத்தில் ரிம் முன்னோக்கிச் சுழல்கிறது, பிரேக் பிடித்தால் ரப்பரையும் தன்னோடு முன்னே இழுக்கும், மூடிய சுவர் அதைத் தாங்கிக்கொள்ளும். மாற்றிப் பூட்டினால், நீங்கள் பலமாகப் பிரேக் பிடிக்கும் அதே நொடியில் ரப்பர் கூட்டை விட்டு வெளியே பறந்துவிடும், அதற்கு மேல் அந்தப் பக்கம் வெறும் உலோகக் கூடுதான் ரிம்மில் உரசும். கட்டையில் இடம், வலம் என்றும் அம்புக்குறியும் இருக்கும், முன்னால் போகும் திசையைத்தான் அம்பு காட்டும். ரப்பரைச் செருகிய பிறகு அதைப் பிடித்து வைக்கும் சின்ன ஆணியையோ (2 மில்லிமீட்டர் அலன் கீயால் திருகுவது) குத்தூசியையோ போட மறக்காதீர்கள்.

அடுத்து உயரம். பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பாருங்கள்: கட்டையின் முழு முகமும் பிரேக் பட்டைக்குள் அடங்க வேண்டும். மேலே ஏறி டயரைத் தொட்டால் ஒரே பயணத்தில் டயரின் பக்கத்தை அறுத்துவிடும். கீழே தொங்கினால் தொங்கிய பகுதி தேயாமல் உதடு மாதிரி நின்று, ஒருநாள் ரிம்முக்கு அடியில் கொக்கி போட்டுக்கொள்ளும். வி-பிரேக்கில் கட்டை தேயத் தேயக் கீழ்நோக்கித்தான் இறங்கும், அதனால் தொடக்கத்திலேயே டயரிலிருந்து 1 மில்லிமீட்டர் விட்டு, பட்டையின் மேல்பக்கமாக வைத்துவிடுங்கள்.

பிறகு சாய்வு. கட்டையின் முன்முனை பின்முனையைவிட ஒரு மயிரிழை முதலில் தொட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது கட்டையைத் தாங்கும் பிரேக்கின் கைகள் கொஞ்சம் முன்னே வளையும், முன்முனை முதலில் தொட்டால் அந்த வளைவில் முழு முகமும் சமமாகப் படியும். பின்முனை முதலில் தொட்டால் கட்டை ஒட்டி விட்டு, ஒட்டி விட்டுக் கிறீச்சிடும். கேலிப்பருக்கு அரை மில்லிமீட்டர், வி-பிரேக்குக்கு 1 மில்லிமீட்டர் போதும். விசிட்டிங் கார்டை ஒருமுறை மடித்துக் கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் வையுங்கள் (வி-பிரேக் என்றால் இன்னொரு மடிப்பு), ஒரு கையால் பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆணியை இறுக்குங்கள். இறுக்கும் கடைசிச் சுற்றில் கட்டை ஆணியோடு சேர்ந்து திரும்பப் பார்க்கும், விரலால் அமர்த்திக்கொள்ளுங்கள். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்திருப்பவர்கள் கேலிப்பருக்கு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர், வி-பிரேக்குக்கு 6 முதல் 8 என்று வையுங்கள்.

புதுக் கட்டை தடிப்பானது, பழைய கேபிள் இழுவையோடு ரிம்மை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். கேபிளைத் தளர்த்தி, வி-பிரேக்கில் இருபுறமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இங்கே பெரும்பாலும் வலது பிடிதான் முன் பிரேக். அதை முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். கைப்பிடியைத் தொடாமல் நடுவழியிலேயே கெட்டியாக நிற்க வேண்டும். கேபிள் வழுக்குவதாக இருந்தால் முற்றத்திலேயே வழுக்கட்டும்.

8. பழக்குதல்

புதுக் கட்டையோடு நேரே காலி வீதிப் போக்குவரத்துக்குள் இறங்காதீர்கள். கட்டையின் மேல்தோல் வார்ப்பில் வந்த வழவழப்போடு இருக்கும், ரிம்மின் சரியான வளைவும் அதற்கு இன்னும் தெரியாது. அதிகாலையில் ஆளில்லாத ஒரு ஒழுங்கையில் நடுத்தர வேகத்தில் போய், முழுதாக நிற்காமல், நடக்கும் வேகம்வரை பிரேக் பிடித்து விடுங்கள். திரும்பத் திரும்ப, பதினைந்து இருபது தடவை, முன்னையும் பின்னையும் தனித்தனியாக. நடுவில் ரிம் ஆற இடம் கொடுங்கள். கார்பனில் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓட்டவே கூடாது, பிடி, விடு, பிடி, விடு.

எஃகு ரிம் வைத்திருப்பவர்கள் கூடவே இன்னொரு பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மழையில், நிறுத்த வேண்டிய இடத்துக்கு நன்றாக முன்பே கட்டையை லேசாக ரிம்மில் உரச விடுங்கள். முதல் சில சுற்றுகள் தண்ணீரை வழிப்பதிலேயே போய்விடும், பிடிப்பு அதற்குப் பிறகுதான் வரும். பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விழுந்த பிறகு பிடியைத் தொட்டால் நேரம் கடந்துவிட்டது.

9. கத்தினால், தட்டினால்

கிறீச்சிட்டால் இந்த ஒழுங்கில் பாருங்கள்: ரிம்மில் எண்ணெய் பட்டிருக்கிறதா, சாய்வு மாறியிருக்கிறதா, பிரேக்கின் ஆணி தளர்ந்திருக்கிறதா, கட்டையின் முகம் கண்ணாடி மாதிரி மினுங்குகிறதா. மினுங்கினால் சாண்ட்பேப்பரைத் தரையில் விரித்து, கட்டையின் முகத்தை அதன்மேல் தட்டையாக வைத்துப் பளபளப்பு போகும்வரை தேய்த்துவிடுங்கள். எண்ணெய் ஊறிய கட்டையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டினால் அது கட்டையின் குற்றமல்ல. ரிம்மின் பொருத்து மேடு, குழியில் விழுந்து வளைந்த விளிம்பு, அல்லது உரிந்த குரோம். விரல் நுனியை மெதுவாக ஓட்டினால் இடம் அகப்பட்டுவிடும், சில்லை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.

சரசரவென்று மணல் அரைபடும் சத்தம் கேட்டால் அன்றைக்கே கட்டையைக் கழற்றிப் பாருங்கள். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் கறுப்பு ரப்பருக்குள் வெள்ளியாகப் பொட்டுப் பொட்டாக மின்னும். சில வெறும் தூசி, சில அரிசிக் குறுநொய் அளவுக்குத் தகடாகப் பதிந்திருக்கும். குண்டூசியால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுங்கள், பெரிய தகடு எடுத்த இடத்தில் குழி விழும், பரவாயில்லை. முகத்தைத் தேய்த்து ஒரு புதுப் பரப்பு எடுத்துவிட்டு, ரிம்மையும் ஸ்பிரிட்டால் துடைத்துத் திரும்பப் பூட்டுங்கள். நான்கு கட்டைக்கும் சேர்த்து அரை மணி நேர வேலை. மழைக்காலத்தில் மாதத்துக்கு ஒருமுறை, மணல் நிறைந்த கரையோர வீதியில் ஓட்டுகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அப்போதே கட்டையில் வெட்டியிருக்கும் பள்ளங்களையும் பாருங்கள், அவை மறையும் நிலைக்கு வந்திருந்தால் அடுத்த சோடியை வாங்கி வைத்துவிடலாம்.